ஒண்ணும் இல்ல, சார்

எனக்குப் பயம் பிடித்தது ஒரு பால் பாக்கெட்டில். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இன்னொரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் இருந்தார். என் வீட்டுக்காரரைவிட இரண்டு வயது சின்னவர். ஒரு நாள் காலை பால் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே சரிந்து விழுந்தார். பாக்கெட் உடைந்து சட்டையெல்லாம் பால். நான் அப்போது தயிர் வாங்க அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. கிளம்பிப் போவதுதான் பெரும்பாடாகிவிட்டது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும், சைரன் போட்டாலும் ஒதுங்க அவற்றுக்கு இடம் இருக்காது. முன்னாள் ராணுவத்தாருக்குக் கொடுக்கும் மருத்துவ அட்டை அவரிடம் இருந்தது. அது செல்லுகிற ஆஸ்பத்திரியோ நகரத்துக்குள்ளே. அதுவரை தாங்காது என்று வழியில் இருந்த ஒன்றில் சேர்த்துவிட்டார்கள், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில். மனுஷர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் மனைவியை எப்போது பார்த்தாலும் கையில் ஒரு துணிக்கடைப் பையும் பை நிறையக் காகிதமுமாகத்தான் பார்த்தேன்.

“எக்கா, அவசரம்னா எங்க வேணா சேக்கலாம். அப்பால எய்திப் போட்டா குடுப்பாங்கதான். ஆனா எத்தினி பேப்பரு, எத்தினி கையெய்த்து! வெளில தனியா ஒரு பாலிசி எட்து வச்சுக்கோ. என் பேஜாரு உனக்கு வேணாம்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் குளிக்கப் போனால் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கிறதா என்று காது வைத்துக் கேட்பேன். அவர் மத்தியானம் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்றில் காரமாக ஒரு வாடை வந்தால் ஓடிப்போய் அவர் பக்கத்து ஜன்னலைத்தான் முதலில் சாத்துவேன். நான் இயல்பிலே பயந்தாங்கொள்ளி இல்லை. முப்பது வருடம் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். வாய் நீளம் என்று அங்கே எனக்குப் பெயர். ஆனால் அந்தப் பால் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வயது அறுபத்தொன்பது. பீரங்கிப் படையில் இருபத்து நான்கு வருடம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, பிறகு அறுபது வயது வரை ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டியாக நின்றவர். இருவருமே ராயபுரத்து மாதா கோயில் பிள்ளைகள். அங்கேதான் கல்யாணமும் நடந்தது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர்மேல் எனக்கு ஒரே ஒரு குறைதான். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். தெருவில் நடந்துகொண்டே பேசினால் பதில் வராது. ஆட்டோவில் பேசினால் பதில் வராது. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து சாடையாக ஒன்றைச் சொன்னால் பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மிலிட்டரித் திமிர் என்று நான் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டேன்.

பாலிசி என்றதும் முதலில் முறைத்தார். “கார்டு கீதுல்லமே, அப்பால இன்னாத்துக்கு இன்னொண்ணு?” என்றார். அடுத்த தெருக்காரர் கதையைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்த கதைதான். “செரி, வரச் சொல்லு” என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வந்தவர் வண்ணாரப்பேட்டை பாய். அங்கே நைட்டி மொத்த வியாபாரம், கூடவே இன்சூரன்ஸ் ஏஜென்சி. பத்து வருடமாக எனக்கு நைட்டி விற்கிறவர், அதனால் ஏமாற்ற மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு பாலிசிகளைப் பிரித்து வைத்தார். ஒன்று விலை மலிவு. ஆனால் செலவு ஒரு பெரிய தொகையைத் தாண்டினால்தான் அது வாயைத் திறக்கும், அதுவரை நம் பாடு. இன்னொன்று முதல் ரூபாயிலிருந்தே கொடுக்கும், எந்த ஆஸ்பத்திரியானாலும் கொடுக்கும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நாம் போடவேண்டும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கொஞ்ச காலம் காத்திருக்கவேண்டும். விலை கூடுதல்.

நான் சின்ன எழுத்தையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கப்பல் ஆபீசில் சரக்கு ரசீது அடித்த கண் இது. லாரி வழியில் நின்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் ஏறலாம் என்கிற அந்த ஒரு வரிக்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசி.

“ஒரே விசயம், எக்கா” என்றார் பாய். “உள்ளத உள்ளபடி சொல்லிடணும். சுகர், பிரஷர், நெஞ்சு வலி, எது இருந்தாலும் சொல்லிடுங்கோ. மறச்சீங்கோன்னா இப்ப பாலிசி வந்துடும். நாளைக்கு ஆஸ்பத்திரில படுத்துகினு கேக்கும்போது வராது.”

“இவருக்கு சுகர் மாத்திரை ஒண்ணு, அவ்ளோதான்” என்றேன்.

வீட்டுக்காரர் தலையாட்டினார். அன்றைக்கு அவர் நல்ல குஷியில் இருந்தார். பாய்க்கு டீ கொடுத்துவிட்டு மிலிட்டரிக் கதை ஆரம்பித்துவிட்டார். அங்கே வருஷா வருஷம் மெடிக்கல் பரிசோதனை உண்டு. உடம்பில் ஒரு குறை என்று டாக்டர் எழுதிவிட்டால் ‘கேட்டகரி’ இறங்கிவிடும். கேட்டகரி இறங்கினால் பிரமோஷன் நின்றுபோகும். ரொம்ப இறங்கினால் பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்பே எல்லோரும் தயார் ஆவார்களாம். உப்பை நிறுத்துவார்கள், தினமும் ஓடுவார்கள், சிலர் அடுத்தவன் மூத்திரத்தைக் கடன் வாங்கிக் குப்பியில் கொடுப்பார்கள். 

“என் தோஸ்து ஒர்த்தன் கீறான் பாய்” என்றார். “பீரங்கி சத்தத்துல அவனுக்கு ஒரு காது போய்ட்ச்சு. மெடிக்கல்ல டாக்டரு முதுகுக்குப் பின்னால நின்னு மெதுவா ஒரு வார்த்த சொல்லுவாரு, திரும்ப சொல்லணும். அவன் இன்னா பண்ணான் தெர்யுமா? எதுத்தாப்ல நிக்கறவன்கிட்ட சொல்லி வச்சுட்டான். டாக்டரு வாயப் பாத்து அவன் வாயசைப்பான், அத்தப் பாத்து இவன் சொல்லுவான். கடசி வரைக்கும் கண்டே பிடிக்கல!”

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் போனில் கூப்பிட்டார். குரலைக் கேட்டால் முப்பது வயதுக்குமேல் இருக்காது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். விறைப்பாக நின்று, கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“சார், சர்க்கரை இருக்கா?”

“கொஞ்சம், சார். கன்ட்ரோல்ல கீது.”

“ரத்த அழுத்தம்?”

“ஒண்ணும் இல்ல, சார்.”

“மாடிப்படி ஏறும்போது நெஞ்சில வலி, இறுக்கம், மூச்சுத் திணறல்?”

“ஒண்ணும் இல்ல, சார்” என்றார். பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது.

என் சிரிப்பு நின்றது. எங்கள் ரயில் நிலையத்து நடைமேம்பாலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கொஞ்ச நாளாகவே பாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவார். கீழே கூட்ஸ் வண்டி போகும். “தோ பாரு, அம்பத்தெட்டு பெட்டி” என்று எண்ணிக்கொண்டு நிற்பார். அத்திப்பட்டுக்கு நிலக்கரி போகிற வண்டியை இந்த வயதில் எண்ணுகிற மனுஷரை நான் கேலி பண்ணியிருக்கிறேன். வண்டி வராத நாட்களிலும் நின்றிருக்கிறார். அப்போது செருப்பைச் சரிசெய்வார். அதுவும் எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

போனை வைத்ததும் கேட்டேன். “யோவ், பாலத்துல நிக்கறியே, அது இன்னா?”

“நின்னா தப்பா? நீ இன்னா டாக்டராமே?” என்று வெளியே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து வியாழக்கிழமை ராயபுரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். ரத்தம், மூத்திரம், அப்புறம் ஓடுகிற மிஷினில் ஓடவைத்து நெஞ்சைப் பார்ப்பது. அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார். மறுநாள் கருவாடு வேண்டாம் என்றார். ராயபுரத்தில் பிறந்தவர் கருவாட்டை வேண்டாம் என்று சொன்ன நாள் என் நினைவில் வேறு இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வாக்கிங் போகிறேன் என்றார். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போவார், ஒரு மணி நேரம் கழித்து வருவார், பனியன் பிழிந்தால் சொட்டும். உதடு வெளுத்திருக்கும். கேட்டால் கடல்காத்து என்பார்.

செவ்வாய்க்கிழமை பின்னாலேயே போனேன். தூங்குவதுபோல் படுத்திருந்து, அவர் கதவைச் சாத்தியதும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். குப்பத்துத் தெருவைத் தாண்டினால் கடற்கரைச் சாலை. அதற்கு அந்தப் பக்கம் அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறைகள். விடிந்தும் விடியாத நேரம். தூரத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் நடக்கத்தானே போனார். முழங்கையை மடக்கி, கணக்காகக் கால் வைத்து, ஒரு பட்டாளத்துக்காரன் ஓடுகிற மாதிரியே அந்த ஆள் ஓடினார். அப்புறம்தான் அந்த ஷூ தெரிந்தது.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் நின்றார். நின்று, மணலில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். வலது கை நெஞ்சுமேல்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. எனக்கு முழங்கால் வலி உண்டு. அன்றைக்கு வலித்ததாக ஞாபகம் இல்லை. பால் பாக்கெட், பால் பாக்கெட் என்று அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. நான் போய்ச் சேரும்போது வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“உன் வூட்டுக்காரரா? ஒரு வாரமா பாத்துகினு கீறேன் தாயீ. ஓடுறாரு, நெஞ்ச புட்சிகினு குந்திக்கிறாரு. மறுபடியும் எய்ந்து ஓடுறாரு. வேணாம் நைனான்னா கேட்டாதானே” என்றார் மீனவர்.

“யோவ், இன்னாய்யா இது?” என்றேன்.

“பிராக்டீஸ்மே.”

“இன்னாத்துக்கு?”

“வியாயக்கெயம மெடிக்கல் கீதுல்ல. மிஷின்ல ஓடச் சொல்லுவாங்க. இப்டி ஒரு வாரம் ஓடினா பாஸ் ஆயிடலாம். எத்தினி வாட்டி ஆயிருக்கேன்.”

“நெஞ்சு வலிக்குதா?”

“ஒண்ணும் இல்ல. மூச்சு வாங்குது, அவ்ளோதான்.”

“வலிச்சா வலிக்குதுன்னு சொன்னா இன்னாய்யா கொறஞ்சு பூடும் உனக்கு?”

அவர் கடலைப் பார்த்தார். “கேட்டகரி போச்சுன்னா வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்கமே.”

“நீ வூட்லதாய்யா கீற” என்றேன். “இனிமே எங்க அனுப்பப் போறாங்க?”

அலைத் தண்ணீர் பாறை இடுக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நானும் மணலில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் முன்னால் கழற்றிவைத்த பட்டாளத்துச் சட்டையை இவர் கழற்றவே இல்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கோபமும் வந்தது.

இனி நான் சொல்லப்போவதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்தேன். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. காபி கேட்டார். கொடுத்தேன். அப்புறம் அடுப்படியில் நின்று கணக்குப் போட்டேன். இன்று செவ்வாய். வியாழன் பரிசோதனை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் நெஞ்சு நோய் என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் பாலிசி வராது. இரண்டே நாள். இரண்டு நாள் அசையாமல் படுத்திருந்து, வியாழக்கிழமை எப்படியாவது தாண்டிவிட்டால், பாலிசி வந்தபிறகு டாக்டரிடம் போகலாம். சாகிறதாக இருந்தால் காலையிலேயே செத்திருப்பாரே. இப்படியெல்லாம் நினைத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பாலிசி தேடியவள், பாலிசிக்காக அவரை இரண்டு நாள் தள்ளிவைக்கப் பார்த்தேன். பயம் மனுஷரை இப்படியும் ஆக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று பாய்க்குப் போன் போட்டேன்.

“பாய், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். அவருக்கு லேசா நெஞ்சுல இறுக்கம் மாதிரி. ரெண்டு நாள்ல மெடிக்கல் இருக்கு. முடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனா பாலிசிக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

பாய் பக்கத்தில் வியாபாரச் சத்தம் கேட்டது. யாரையோ இரு என்று அதட்டிவிட்டு வந்தார். “எக்கா, அந்தத் தெரிஞ்சவரு இப்ப எங்க கீறாரு?”

“கட்டில்ல” என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“போன வை. பாலிசியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆட்டோவ கூப்டு. கார்டு செல்லுற ஆஸ்பத்திரிக்கு நேரா போ. நான் அங்க வந்துகினே இருக்கேன்” என்றார்.

அந்தப் புண்ணியவான் ஒரு பாலிசி போனாலும் பரவாயில்லை என்று போனை வைக்கச் சொன்னார். நான்தான் கட்டின புருஷனை வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் வேண்டாம், தெருவே கூடிவிடும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம். சண்டை போட நேரமில்லை, தெருமுனை ஆட்டோவையே கூப்பிட்டேன். எப்போதும்போல அவர் முதலில் ஏறி வலது ஓரம் நகர்ந்துகொண்டார், நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். மருத்துவ அட்டை என் ரவிக்கைக்குள் இருந்தது. தேரடியைத் தாண்டும்வரை நன்றாகப் போயிற்று. அதற்குப் பிறகு எங்கே வழி வேண்டும் என்று நினைத்தேனோ அங்கே கன்டெய்னர் லாரிகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. சிவப்பும் நீலமுமாக இரும்புச் சுவர். வானமே தெரியவில்லை. டிரைவர் இறங்கி நின்று கத்தினார். ஹாரன் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார்.

“யோவ், எப்டி கீது?” என்றேன்.

பதில் இல்லை.

“இன்னாங்க. வலிக்குதா?”

பதில் இல்லை. கண்ணைத் திறக்கவில்லை. கை மடியில் கிடந்தது.

“பேசுய்யா! என்னாண்ட பேசு!”

ஒன்றுமில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். இந்த லாரிகளுக்கு நடுவில், நான் அடுப்படியில் நின்று கணக்குப் போட்ட அந்த ஒரு மணி நேரத்தால், போய்விட்டார் என்று நினைத்தேன். மாதாவே என்று கத்திக்கொண்டு அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் இழுத்துத் திருப்பினேன்.

கண்ணைத் திறந்தார். “இன்னாமே?”

“மூணு வாட்டி கூப்ட்டனே! ஏன்யா பேசல?”

என்னையே பார்த்தார். அப்புறம் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“அந்தப் பக்கம் கேக்காதுமே. நம்ம கண்ணாலத்துக்கு முன்னாலயே போய்ட்ச்சு.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பாயிடம் சொன்ன அந்தத் தோஸ்து. எதிரில் நின்று வாயசைத்தவன். முப்பத்தெட்டு வருடமாக நான் நடந்த பக்கம், ஆட்டோவில் உட்கார்ந்த பக்கம், கோயிலில் முழங்காலிட்ட பக்கம், எல்லாம் அந்தப் பக்கம். நான் திட்டியதெல்லாம் அந்தப் பக்கம். ஆசையாக இரண்டு வார்த்தை சொன்னதும் அந்தப் பக்கம்தான்.

“என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?” என்றேன்.

“உங்கப்பாரு பொண்ணு குடுத்திருப்பாரா? அப்பால சொல்லலாம் சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். லாரிச் சக்கரத்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் போனேன். வலது பக்கத்துத் தடுப்புக் கம்பிக்கு மேலாகத் தலையை உள்ளே நீட்டினேன். டிரைவர் ஏதோ திட்டினார். வீட்டுக்காரரின் வலது காதில் வாயை வைத்து மெதுவாகத்தான் கேட்டேன்.

“வலிக்குதா?”

கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் கையை வைத்தார். அப்புறம், “வலிக்குதுமே” என்றார். “ஆறு மாசமா வலிக்குது. பயமா கீது.”

முப்பத்தெட்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதைக் கேட்டதும் என் கையும் காலும் வேலை செய்ய ஆரம்பித்தன. முன்னால் நின்ற லாரிக்காரரிடம் ஓடினேன். கதவைத் தட்டினேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள், இருக்கிற வாயையெல்லாம் அன்றைக்குக் காட்டினேன். அவர் இறங்கி வந்து, அடுத்த லாரிக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு வழி விட்டார்கள்.

இதய ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள். ஒன்று முக்கால்வாசிக்கு மேல் மூடியிருந்ததாம். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். மீதியை நான் கேட்க விரும்பவில்லை. அட்டையிலேயே எல்லாம் ஆயிற்று. குழாய்க்குள் வலைக்கம்பி வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாய் அந்த ஐந்து நாளும் வந்தார். பாலிசி என்ற வார்த்தையை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து நானேதான் மறுபடி கூப்பிட்டேன். இருவருக்கும் ஒரே பாலிசி இனி ஆகாது என்பதால் எனக்குத் தனியாகப் போட்டு, அது சீக்கிரமே வந்துவிட்டது. அவருக்குத் தனி விண்ணப்பம் போடவேண்டும்.

“கெடைக்கலாம், கெடைக்காமயும் போவலாம். மொதல்லயே சொல்லிட்டேன்” என்றார் பாய்.

படிவத்தை நான் நிரப்ப உட்கார்ந்தேன். பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார் வீட்டுக்காரர். கப்பல் ஆபீஸில் மூட்டை கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்றுதான் ரசீதில் அடிப்போம், மறைத்து அடித்தால் பிற்பாடு வம்பு என்று எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். எந்தப் பக்கம் நின்று சொன்னேனோ தெரியவில்லை. பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். இதயம். சர்க்கரை. இடது காது. பனியில் நின்று மரத்துப்போன கால்விரல் இரண்டு. எனக்குத் தெரியாத ஒரு முதுகு அடி. கொடுத்திருந்த கட்டம் போதவில்லை. பாயிடம் இன்னொரு தாள் கேட்டார்.

அதே டாக்டர் பையன் மறுபடி போன் பண்ணினார். இந்தத் தடவை வீட்டுக்காரர் எழுந்து நிற்கவில்லை. போனை வலது காதில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கேள்விக்கும் “ஆமா, சார்” என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. வராது என்றுதான் பாய் முகத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. பயம் என்னைவிட்டுப் போகவில்லை. இப்போதும் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் காது வைத்துக் கேட்கிறேன். நேற்று சாயங்காலம் ரயில் நிலையத்துப் பாலத்தில் ஏறினோம். பாதிப் படியில் நின்றார். கீழே கூட்ஸ் வண்டி எதுவும் இல்லை. அவர் செருப்பைப் பார்த்துக் குனியவும் இல்லை. நான் அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

“மூச்சுதான் வாங்குது. வலி இல்ல” என்றார். பிறகு, “நெசமாமே” என்றார்.

நம்பினேன். ஆனாலும் அவர் நெஞ்சுமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் காலை வைத்தேன்.